கண்ணீருக்குக் கரையாதவை

நம் கண்ணீரில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறையக் கால் பங்கு ஒரே ஒரு நொதி. லைசோசைம் என்று பெயர். எச்சிலில் இருக்கிறது, மூக்குச் சளியில் இருக்கிறது, தாய்ப்பாலில் இருக்கிறது. இரத்த வெள்ளணுக்களுக்குள் சின்னச் சின்னப் பைகளில் அடைத்தும் வைக்கப்பட்டிருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை அறுப்பதுதான் அதன் வேலை. கோழியும் தன் முட்டையில் இதை வைத்திருக்கிறது. ஜார்ஜ்டவுன் கோப்பிக்கடைகளில் காலை நேரத்தில் சோயா கிச்சாப்பும் மிளகுத்தூளும் விட்டு நாம் சாப்பிடும் அரைவேக்காட்டு முட்டை இருக்கிறதே, அதன் வெள்ளைக்கருப் புரதத்தில் 100 பங்குக்கு 3, 4 பங்கு இந்த லைசோசைம்தான்.

உடம்பின் எல்லா வாசலிலும் இப்படி ஒரு காவல் இருக்கிறது. ஆனாலும் வளர்ந்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 30 பேரின் மூக்குக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. கொப்புளத்திலிருந்து அறுவைச் சிகிச்சைப் புண் சீழ் பிடிப்பது வரை, சில வேளை இரத்தத்திலேயே பரவி உயிரை எடுப்பது வரை, எல்லாம் செய்யக்கூடிய கிருமி அது. அது தங்கியிருக்கும் இடமோ நாள் முழுக்க லைசோசைமில் ஊறிக்கொண்டிருக்கும் இடம். கரைந்து போயிருக்க வேண்டியது எப்படி அங்கேயே குடித்தனம் நடத்துகிறது?

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மாணவர்கள் செய்யும் ஆய்வுகளுக்குக் கிருமிகளை வளர்த்துக் கொடுப்பது, அவற்றின் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் அது மேசைக்கே வந்துவிடுகிறது.

லைசோசைமைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலினால் அறியப்பட்ட அதே ஃபிளெமிங்தான். 1921-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தனக்கு ஜலதோஷம் பிடித்திருந்த சமயம், தன் மூக்குச் சளியைப் பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் சேர்த்துப் பார்த்தார். ஒரு வகை மஞ்சள் பாக்டீரியா அந்தச் சளி பட்ட இடத்தில் கரைந்து போயிற்று. பிறகு எலுமிச்சையைக் கண்ணில் பிழிந்து தன்னிடமிருந்தும் கூட வேலை செய்தவர்களிடமிருந்தும் கண்ணீர் சேகரித்தார். அதுவும் கரைத்தது. முட்டை வெள்ளைக்கரு இன்னும் வேகமாகக் கரைத்தது. 1922-இல் இதை வெளியிட்டார்.

ஆனால் நோய் உண்டாக்கும் முக்கியக் கிருமிகள் பெரும்பாலும் லைசோசைமுக்கு அசையவில்லை. அதனால் மருந்தாக அது பெரிதாகப் பேசப்படவில்லை. பென்சிலினுக்கு முன் வந்த ஒரு சிறு முயற்சி என்றே இன்றைக்கும் அதை எழுதுகிறார்கள். எனக்கு இந்தப் பார்வை ஒப்புதல் இல்லை. லைசோசைம் எதைக் கரைத்துவிடுகிறதோ அது நமக்கு நோய் தரும் நிலைக்கே வருவதில்லை. மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்துக்கு வந்து, தட்டில் வளர்ந்து, பெயர் எழுதப்படும் கிருமிகள் எல்லாம் அந்த முதல் வடிகட்டலில் தப்பியவை. அவற்றை வைத்து லைசோசைமின் வலிமையை எடைபோடுவது நியாயமில்லை. அவை எப்படித் தப்பின என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

ஃபிளெமிங் அதையும் கேட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. 1927-இல் அவரும் கூட வேலை செய்த ஆலிசனும் சேர்ந்து எழுதிய கட்டுரை, லைசோசைமை எதிர்த்து நிற்கும் பாக்டீரியா இனங்கள் ஆய்வுக்கூடத்தில் உருவாவதைப் பற்றியது. பென்சிலினை அவர் பார்த்தது 1928-இல். ஆண்டிபயாடிக் என்று ஒன்று கைக்கு வருவதற்கு முன்பே, எதிர்ப்புத் திறன் வளர்வதை அவர் தட்டில் பார்த்துவிட்டார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பழகிவிடும் என்று கிளினிக்கில் சொல்வார்கள். அந்த எச்சரிக்கை இருக்கட்டும். ஆனால் கிருமிகள் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது மாத்திரைகளிடம் அல்ல. மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, விலங்குகளின் எச்சிலிலும் சளியிலும் அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

மேசைக்கு வருகிறேன். ஃபிளெமிங் பார்த்த அந்த மஞ்சள் பாக்டீரியாவை இப்போது மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என்கிறோம். லைசோசைமை அளப்பதற்கென்றே அதை உலர்த்திப் பொடியாக விற்கிறார்கள். தாங்கல் கரைசலில் கலக்கினால் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் கலங்கி நிற்கும். முட்டை வெள்ளைக்கருவை நூறு மடங்கு நீர்க்க வைத்து அதில் கொஞ்சம் விட்டு, குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், கண் முன்னாலேயே கலங்கல் குறையும். சில நிமிடத்தில் குழாய்க்குப் பின்னால் வைத்த தாளின் எழுத்தைப் படிக்கலாம். செல்கள் உடைந்து உள்ளிருந்தவை வெளியே வந்துவிட்டன. 450 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளக்கும் கருவியில் வைத்தால் அதன் எண்ணும் இறங்கிக்கொண்டே போகும்.

போன பருவத்தில் அதன் பக்கத்திலேயே ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கலந்த குழாயை வைத்திருந்தோம். அதே வெள்ளைக்கரு, அதே அளவு. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி இரண்டு குழாய்களையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள்.

“அக்கா, இதுல முட்டை போட மறந்துட்டோமா?”

“போட்டோம்லா. நீதானே போட்ட.”

“அப்ப ஏன் அப்படியே நிக்குது?”

அரை மணி நேரம் வைத்தும் அது அப்படியேதான் நின்றது. டிஎன்ஏ எடுக்கும்போதும் இதே கதைதான். பல பாக்டீரியாக்களை லைசோசைமில் ஊறவைத்தால் சுவர் உடைந்து கொடுக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கொடுக்காது. அதற்கு லைசோஸ்டாஃபின் என்ற வேறொரு நொதி வாங்க வேண்டும். அது சுவரில் வேறு இடத்தில் வெட்டுவது, விலையும் கூடுதல். அந்த நொதியைச் செய்வது இன்னொரு ஸ்டஃபிலோகாக்கஸ் என்பது தனிக் கதை.

ஏன் அப்படியே நிற்கிறது என்பதைச் சொல்ல, சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாக்டீரியாவைச் சுற்றி இருக்கும் பெப்டிடோகிளைக்கான் என்ற சுவர், இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலிகளால் ஆனது. லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்காரர் மல்லிகையும் கனகாம்பரமும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டும் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரங்களைக் குறுக்கே சிறு புரதத் துண்டுகள் பிணைத்து, செல் முழுவதையும் ஒரே உறையாகச் சூழ்ந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் செல் வெடிக்காமல் இருப்பது இந்த உறையால்தான். லைசோசைமின் உடம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1965-இல் லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் எக்ஸ்-கதிர் கொண்டு அதன் வடிவத்தைக் கண்டபோது தெரிந்தது. ஒரு நொதியின் முப்பரிமாண வடிவம் அப்படித் தெளிவானது அதுவே முதல் முறை. சர்க்கரைச் சங்கிலியின் ஆறு கண்ணிகள் அந்தப் பள்ளத்தில் பொருந்தி உட்காரும். உட்கார்ந்ததும், இரண்டு சர்க்கரைகளுக்கு நடுவே உள்ள பிணைப்பை நொதி அறுக்கும்.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் செய்வது இதுதான்: இரண்டு சர்க்கரைகளில் ஒன்றான முராமிக் அமிலத்தின் மேல் அசிட்டைல் தொகுதி என்ற ஒரு சின்ன அணுக்கொத்தை ஒட்டிவிடுகிறது. அதற்குமேல் அந்தச் சங்கிலி பள்ளத்தில் சரியாக உட்காராது. உட்காராவிட்டால் வெட்டு விழாது. ஒட்டும் வேலையைச் செய்யும் புரதத்துக்கு ஓட்-ஏ என்று பெயர். 2005-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரீட்ரிஷ் கோட்ஸ் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். ஓட்-ஏ மரபணுவை நீக்கியதும் அதே கிருமி லைசோசைமுக்கு இளகிற்று. பிறகு ஸ்டஃபிலோகாக்கஸ் இனங்களை வரிசையாகப் பார்த்தார்கள். மனிதனுக்கு நோய் தரும் இனங்களிடம் ஓட்-ஏ இருந்தது. தீங்கு செய்யாத இனங்களிடம் இல்லை, அவை லைசோசைமில் கரைந்தன. நோய் தருவதற்கும் தராமல் இருப்பதற்கும் ஆயிரம் காரணங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு அசிட்டைல் தொகுதியைப் பொறுத்து இவ்வளவு இருக்கிறதே என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனசு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

நிமோனியா தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே வேறு வழியும் பிடித்தது. அது ஒட்டுவதோடு நிற்பதில்லை, எடுத்தும் விடுகிறது. இன்னொரு சர்க்கரையிலிருக்கும் அசிட்டைல் தொகுதியைக் கழற்றிவிட்டால் நொதிக்குப் பிடிமானம் குறைந்துவிடும். 2000-இல் வெளியான ஆய்வு இது. கழற்றும் புரதம் பிஜிடி-ஏ. ஸ்டஃபிலோகாக்கஸ் சுவரில் டைகோயிக் அமிலம் என்ற இன்னொரு பொருளும் உண்டு. அதுவும் நொதியைச் சுவரில் நெருங்கவிடாமல் செய்கிறது. ஓட்-ஏவையும் அதையும் சேர்த்து நீக்கினால்தான் கிருமி முழுக்கவே பலவீனப்படுகிறது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸின் முறை இன்னும் நுணுக்கமானது. அது இந்த ஏற்பாடுகளை எப்போதும் போட்டு வைத்திருப்பதில்லை. அதன் சவ்வில் ஒரு புரதம் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. லைசோசைம் வந்தால், அந்தப் புரதம் நேராக லைசோசைமையே பிடித்துக்கொள்கிறது. பிடித்த உடனே புரதம் வெட்டுப்படுகிறது. உள்பக்கம் அது கட்டிவைத்திருந்த இன்னொரு புரதம் விடுபட்டு, சுவரை மாற்றும் மரபணுக்களை இயக்குகிறது. இரண்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் படிக வடிவத்தையே 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தன்னைக் கொல்ல வரும் நொதியைக் கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஒரு செல்! மூளையில்லை, நரம்பில்லை.

இதுவரை சொன்னது, கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும் பாக்டீரியாக்களைப் பற்றி. இளஞ்சிவப்பாகத் தெரியும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றின் கதை வேறு. அவற்றுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. லைசோசைம் அதைத் தாண்டிச் சுவரைத் தொடவே முடியாது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இடிடிஏ சேர்த்து, அந்தச் சவ்வைப் பிடித்துவைத்திருக்கும் மக்னீசியம், கால்சியம் அயனிகளைப் பறித்து, அதன் பிறகே லைசோசைமை உள்ளே விடுகிறோம். நம் உடம்பும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் என்ற புரதம் இருக்கிறது. அது வெளிச் சவ்வைக் குலைக்க, பின்னாலேயே லைசோசைம் நுழைகிறது. தனித்தனியாகக் கொல்லாத இரண்டும் சேர்ந்து கொல்வதை 1991-இல் காட்டினார்கள். மனிதத் தாய்ப்பாலில் லைசோசைம் பசும்பாலில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். குழந்தை பெற்ற தோழிகளைப் பார்க்கப் போகும்போது இதைச் சொல்லாமல் நான் வந்ததில்லை.

வெளிச் சவ்வைத் தாண்டி வந்துவிட்டால்? அதற்கும் ஈ.கோலை தயாராக இருக்கிறது. 2001-இல் மார்சேய் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஐவி என்ற புரதம் சவ்வுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியில் காத்திருக்கும். அதன் ஒரு வளையம் லைசோசைமின் பள்ளத்துக்குள்ளேயே நுழைந்து அடைத்துவிடும். சர்க்கரைக்கு அங்கே இடமே இருக்காது. 2008-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் சால்மோனெல்லாவிடம் இன்னொரு வகைத் தடுப்பானைக் கண்டார்கள். பிறகு தெரியவந்ததுதான் என்னை அதிகம் பாதித்தது. விலங்குகளிடம் லைசோசைம் முக்கியமாக மூன்று வகை: கோழியிடமும் நம்மிடமும் இருப்பது ஒன்று, கூஸ் என்னும் பெருவாத்தின் முட்டையில் முதலில் கண்ட வகை ஒன்று, சிப்பி போன்ற முதுகெலும்பில்லாதவற்றின் வகை ஒன்று. பாக்டீரியாக்களிடம் இந்த மூன்றுக்கும் தனித்தனித் தடுப்பான்கள் இருக்கின்றன. தண்ணீரில் வாழ்ந்து மீனுக்கும் நோய் தரும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவிடம் சிப்பி வகை லைசோசைமுக்கான தடுப்பான் கிடைத்தது. சார் குவே தியாவில் கெராங் போட்டுச் சாப்பிடும் ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: அந்தச் சிப்பி இனங்களின் உடம்பிலும் இந்தப் போர் நடந்திருக்கிறது, கிருமி ஒவ்வொரு எதிரியையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் விலகிப் பினாங்கின் கொடிமலைக்குப் போக வேண்டும். மலையேறும் வழியிலும் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் தோட்டத்திலும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் லோத்தோங் என்கிறார்கள். குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறம். இவை முக்கியமாக இலை தின்னும் குரங்குகள். இலையை நொதிக்க வைக்க வயிற்றின் முன்பகுதியில் பாக்டீரியாக்களை வளர்க்கின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் அடுத்த பகுதிக்குப் போகும்போது அங்கே சுரக்கும் லைசோசைம் அவற்றை உடைக்கிறது, குரங்குக்கு அது சத்தாகிறது. மாட்டு வயிற்றிலும் இதே ஏற்பாடு. இரண்டும் நெருங்கிய உறவில்லாத விலங்குகள். ஆனாலும் இலை தின்னும் லங்கூர் குரங்கின் வயிற்று லைசோசைமில், மாட்டினுடையதில் ஏற்பட்ட அதே அமினோ அமில மாற்றங்களில் சில தனியாகவே ஏற்பட்டிருப்பதை 1987-இல் ஆலன் வில்சன் குழுவினர் காட்டினார்கள். அமிலத்திலும் வேலை செய்ய வேண்டும், வயிற்றின் ஜீரண நொதியிடமும் சிதையக்கூடாது. அதற்கான மாற்றங்கள் அவை. லைசோசைமும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன். கிருமி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் பந்தயம் அல்ல இது.

இனி, நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் செய்தி. சுவரை மாற்றிக்கொள்வது கிருமிக்கு இலவசம் இல்லை. பாக்டீரியா வளரவும் பிளவுபடவும் தன் சுவரைத் தானே அங்கங்கே வெட்டித் திறக்க வேண்டும். அதற்குச் சொந்த நொதிகள் வைத்திருக்கிறது. அசிட்டைல் ஒட்டிய இடத்தில் அந்தச் சொந்த நொதிகளில் சிலவும் தடுமாறும். இந்த விலையை ஒரு சோதனை நேரடியாகக் காட்டிற்று. 2008-இல் நிமோனியா கிருமியை எலியின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். சுவரை மாற்றிக்கொள்ளும் இயல்பான கிருமியும், அந்தத் திறன் நீக்கப்பட்ட கிருமியும் போட்டியிட்டன. சாதாரண எலியில் இயல்பான கிருமி வென்றது. லைசோசைம் மரபணு நீக்கப்பட்ட எலியில் முடிவு தலைகீழானது: திறன் நீக்கப்பட்ட கிருமி முந்திக்கொண்டது. லைசோசைம் இல்லாத இடத்தில் அந்தத் தற்காப்பு வெறும் சுமை. அப்படியென்றால், மூக்கில் இந்தக் கிருமிகள் அதைச் சுமந்துகொண்டே இருப்பதற்குக் காரணம், நம் சளி அவற்றை ஒரு நாளும் விடாமல் நெருக்கிக்கொண்டிருப்பதுதான். கிருமியைக் கொல்ல முடியாத லைசோசைமும் சும்மா இருக்கவில்லை.

தற்காப்பில் ஒளிந்துகொள்வதும் அடங்கியிருக்கிறது. லைசோசைம் சுவரை உடைக்கும்போது சிதறும் துண்டுகளை நம் செல்களுக்குள் இருக்கும் உணரிகள் கண்டுகொண்டு அபாய அறிவிப்புக் கொடுக்கும், அழற்சி தொடங்கும். சுவர் உடையாவிட்டால் துண்டு சிதறாது, செய்தியும் போகாது. லிஸ்டீரியா என்ற கிருமியிடமிருந்து பிஜிடி-ஏவை நீக்கியபோது வெள்ளணுக்கள் அதை வேகமாகக் கொன்றதோடு, பெரிய எச்சரிக்கையையும் கிளப்பின என்று 2007-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வு சொல்லிற்று. ஸ்டஃபிலோகாக்கஸின் ஓட்-ஏவும் இதேபோல் அழற்சியை அடக்கி வைக்க உதவுகிறது.

இதனால்தான் ஓட்-ஏவைத் தடுக்கும் மருந்தைத் தேடுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை. கனடாவில் ஆன்தனி கிளார்க் குழுவினர் அந்தப் புரதம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வருகிறார்கள். அப்படி ஒரு மருந்து கிருமியைத் தானே கொல்ல வேண்டியதில்லை. ஒட்டும் வேலையை நிறுத்தினால் போதும், மிச்சத்தை நம் கண்ணீரும் சளியும் வெள்ளணுக்களும் பார்த்துக்கொள்ளும். அந்த மருந்துக்கும் கிருமி ஒரு வழி கண்டுபிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கு அது மறுபடியும் ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருக்கும். அந்த விலையை உயர்த்திக்கொண்டே போவது செய்யத் தகுந்த வேலை என்று நான் நம்புகிறேன். சுவரின் குறுக்குப் பிணைப்பைத் தளர்த்தும் பென்சிலின் குடும்ப மருந்தைக் கொல்லாத அளவுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து, கூடவே லைசோசைமையும் சேர்த்தால் ஸ்டஃபிலோகாக்கஸ் தடுமாறுகிறது என்றும் டூபிங்கன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

சுங்கை சிப்புட் மாணவி தன் இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டிருக்கிறாள். பென்சிலின் குடும்பத்து ஆக்சாசிலினை வரிசைக்கு வரிசை பாதிப் பாதியாகக் குறைத்து, ஒரு பக்கம் லைசோசைமோடும் ஒரு பக்கம் இல்லாமலும் தட்டு வரைந்து கொண்டுவந்து காட்டினாள். நன்றாகவே வரைந்திருந்தாள். கடைசி வரிசையில் மைக்ரோகாக்கஸையும் வைக்கச் சொன்னேன். அது தெளிந்தால்தான் அன்றைக்கு நாம் போட்ட நொதி வேலை செய்கிறது என்று தெரியும்; தெளியாவிட்டால் மற்ற வரிசைகளின் எண்களை எழுதிக்கொள்ளவே கூடாது.